பூட்டாத வரி

4 மார்ச், புதன்
பொருள்: பூட்டு போட்டாச்சு, பச்சை விளக்கு தெரிகிறது, சரிதானா, உடனே சொல்லவும்

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாற்பத்துநாலு வயது ஆம்பிளையை இன்னும் வால் என்று கூப்பிடலாமா என்று உன் மனைவி கேட்டாளாம். வால் விழுந்துவிட்டதற்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் அனுப்பச் சொல். பெயரை மாற்றிவிடுகிறேன்.

நீ அனுப்பிய சோதனைப் பதிப்பைக் கணினியில் ஏற்றிவிட்டேன். "கடிதத்தைப் பூட்டு" என்ற பொத்தானை அழுத்தினேன். சாவி உருவாகிறது, சற்றுப் பொறுக்கவும் என்றது. பொறுத்தேன். ரகசிய வாக்கியம் ஒன்று கேட்டது. கொடுத்தேன். அது என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உன் மாமியாரைப் பற்றியது, உண்மையானது, அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம். நீயும் இன்னும் ஏழு பேரும் சம்பளமில்லாமல் உட்கார்ந்து செய்கிற அஞ்சல் மென்பொருள் இது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று பெருமையாகச் சொல்வாய். பூட்டு செய்யும் விதத்தை ஊருக்கே காட்டிவிட்டு, பத்திரமான பூட்டு என்றால் எப்படி?

இன்னொன்று. எங்கள் வீட்டில் ஹாலில் ஒரே கணினி. இரண்டு பேருக்கும் ஒரே அஞ்சல் பெட்டி; வந்தது, அனுப்பியது எல்லாம் ஒரே பட்டியலில் தெரியும். தினமும் மாலை ஆறு மணிக்கு உன் அத்தான் அதன் முன்னால் உட்கார்ந்து, வானிலை அலுவலகம் அனுப்புகிற கடிதத்தைத் திறந்து நாளைக்கு மழையா என்று பார்ப்பார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு மழை எதற்கு என்று கேட்டதற்கு, "லிஃப்ட் பள்ளத்துல தண்ணி நிக்கும்" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால், லிஃப்டுக்குள் ஒட்டுகிற அறிவிப்பு ஒன்று தேறும்.

நான் பூட்டிய கடிதத்தை அவர் திறக்க முடியாதுதானே? ஒரு காரணமாகத்தான் கேட்கிறேன்.

பச்சை விளக்கோடு,
அக்கா


5 மார்ச், வியாழன்
பொருள்: பதில்: பூட்டு போட்டாச்சு, பச்சை விளக்கு தெரிகிறது, சரிதானா, உடனே சொல்லவும்

அன்புள்ள அக்காவுக்கு,

சரிதான். நீ பூட்டினால் பூட்டினதுதான். எனக்கு வருவதை என் சாவி திறக்கும்; உன் பெட்டியில் இருப்பதை அத்தான் மட்டுமல்ல, பூட்டைச் செய்த என்னாலேயே திறக்க முடியாது. உன் வாக்கியம் இல்லாமல் கடிதத்தைத் திறந்தால், கணினி மேல் பூனை நடந்த மாதிரி எழுத்துகள்தான் வரும்.

செய்யும் விதத்தை ஊருக்குக் காட்டுவதால்தான் அது நல்ல பூட்டு. குறை இருந்தால் யாராவது கண்டுபிடித்துத் திட்டுவார்கள். திட்டுவதற்கு எங்களிடம் ஆள் பஞ்சமே இல்லை. முதல் ஆள் எங்கள் குழுவிலிருக்கும் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர், வேறு நாடு, முகம் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் வெளியீடு. அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு குறைகளை "இப்போது", "பிறகு" என்று பிரிக்க வேண்டும். பிரிக்கிற வேலை என்னுடையது. எண் 88ஐ நான் "பிறகு" என்று தள்ளிவிட்டேன் என்று டீச்சர் மூன்று நாளாக என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி வைத்திருக்கிறார். அதனால் யாருக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று கேட்டேன். டீச்சரையே வாயடைத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

உதவிக் குறிப்பு பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். படித்தாயா? என்ன காரணம் என்று கேட்கவில்லை. சொல்லத் தோன்றும்போது சொல்.

உன்,
வால்


9 மார்ச், திங்கள்
பொருள்: இடது மார்பில் கட்டி, பட்டாணி அளவு, வியாழன் காலை 10, பெரிய ஆஸ்பத்திரி 4ஆம் மாடி, ஊசிப் பரிசோதனை, அவருக்குத் தெரியக் கூடாது

அன்புள்ள வாலுக்கு,

விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இனிமேல் வம்பு.

நீ பதறுவாய் என்று தெரியும். பதறிவிட்டு வா, காத்திருக்கிறேன்.

வந்தாயா? எங்கள் குடிநீர்ப் புகார் பிரிவில் பத்தொன்பது வருடமாக இப்படித்தான். "மூன்றாவது தெரு, பெரிய குழாய் உடைப்பு, காலை 7 முதல், தண்ணீர் வீணாகிறது" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிடுவோம். அதற்குக் கீழே எழுதினால் எந்த அதிகாரியும் படிப்பதில்லை. ஒருமுறை சோதனைக்காகக் கீழே "ஐயா உங்கள் சட்டை நன்றாக இல்லை" என்று எழுதி அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

உன் அத்தானிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போன வருடம் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தபோது டாக்டர் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும்: இவருக்கு அதிர்ச்சி கூடாது. போன மாதம் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஓர் அம்மா நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். அந்த அம்மா வெளியே வந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியும்விட்டார். உன் அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. யாரோ ஒரு அம்மாவுக்கே இப்படி. முடிவு தெரியட்டும். நல்லதாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லலாம். கெட்டதாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று நீ யோசித்து வை. படித்தவன் நீதானே.

மேல்வீட்டுத் தம்பதி உடற்பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்கள். காலையில் தலைக்கு மேலே யானை ஸ்கிப்பிங் ஆடுகிறது. நேற்று என் மின்விசிறி நின்றே போனது.

பயமாக இல்லை. கொஞ்சம்தான்.

அக்கா


9 மார்ச், திங்கள்
பொருள்: பதில்: இடது மார்பில் கட்டி, பட்டாணி அளவு, வியாழன் காலை 10, பெரிய ஆஸ்பத்திரி 4ஆம் மாடி, ஊசிப் பரிசோதனை, அவருக்குத் தெரியக் கூடாது

அன்புள்ள அக்காவுக்கு,

ரயிலில் ஐந்து மணி நேரம்தான். வியாழன் வரட்டுமா? வேண்டாம் என்பாய். இருந்தாலும் கேட்கிறேன். நான் திடீரென்று வந்து நின்றால் அத்தானுக்குச் சந்தேகம் வரும் என்பாய். அதுவும் சரிதான். எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடு, நான் தலையாட்டுகிறேன்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்பதை எல்லாம் எழுது. எதையும் மறைக்காதே. பூட்டு என் பொறுப்பு. ஏழு வருடம் உழைத்து இதைச் செய்தது எதற்கு என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இன்றைக்குப் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு வருகிற வழியில் ஓர் ஈ கூட எட்டிப் பார்க்க முடியாது.

மேல்வீட்டு யானையைக் கேட்டதாகச் சொல்.

உன்,
வால்


13 மார்ச், வெள்ளி
பொருள்: ஊசி குத்தியாச்சு, வலி பரவாயில்லை, முடிவு 24 செவ்வாய், நூலகம் போனதாகச் சொல்லிவிட்டேன்

அன்புள்ள வாலுக்கு,

முடிந்தது. ஊசி போட்ட பெண்ணுக்கு உன் பெண்ணை விட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். "அம்மா, வேற எதையாவது நினைச்சுக்கோங்க" என்றாள். உன் மாமியாரை நினைத்துக்கொண்டேன். வலியே தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மட்டும் பிரமாதம். கீழே "பராமரிப்பு நடக்கிறது" என்று பலகை, பக்கத்தில் ஒரு கருவிப்பை. ஆனால் லிஃப்ட் ஓடியது. ஏறியதே தெரியவில்லை. இறங்கும்போதும் அப்படித்தான், பூ வைத்த மாதிரி நின்றது. இதைப் போய் அத்தானிடம் சொன்னால் பொறாமைப்படுவார், ஆனால் நான் போனதே நூலகத்துக்குத்தானே.

இப்போது என் உண்மையான கவலையைச் சொல்கிறேன். உன் அத்தானுக்கு என்னவோ ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வந்து பார்க்கிறேன், சமையலறையில் மேல்தட்டிலிருந்த பாத்திரமெல்லாம் கீழ்த்தட்டில் இருக்கிறது.

"ஏங்க இதையெல்லாம் எறக்கினீங்க?"

"சும்மாதான்."

"இருபத்தெட்டு வருஷமா மேலதானே இருந்துச்சு?"

"கீழயே இருக்கட்டும். எக்க வேணாம்."

நேற்று நான் வந்தவுடன் "லைப்ரரில கூட்டமா?" என்றார். இவர் என்றைக்கு என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்? பிறகு துணி மூட்டையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அவரே துவைத்தார். வெள்ளைத் துணி, சாயத் துணி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. இப்போது நம் வீட்டில் எல்லோரும் இளநீலம்.

ஆபீஸில் மீட்டர் கணக்கெடுக்கிற பெண்ணிடம் சொன்னேன். கையைத் தட்டிச் சிரிக்கிறாள். "அக்கா, புருஷன் திடீர்னு துணி துவைச்சா, மனசுல ஏதோ அழுக்கு இருக்குன்னு அர்த்தம்க்கா. போனைப் பாருங்க." ஐம்பத்தாறு வயதில், இரண்டு ஸ்டென்டோடு, கிரீஸ் வாசனையோடு, இவரை யார் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. நானே இப்படி இருக்கிற நேரத்தில் இதுவுமா?

போனையும் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன். லிஃப்ட் கம்பெனி, நான், நீ. வேறு எண்ணே இல்லை.

குழப்பத்தோடு,
அக்கா


16 மார்ச், திங்கள்
பொருள்: வணக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உட்கார்ந்து படி. கணினியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படி.

காலையில் கணக்கு டீச்சர் மறுபடியும் எண் 88ஐ எடுத்தார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "கடிதத்தைப் பூட்டி உறைக்குள் வைத்துவிட்டு, உறையின் மேலே விஷயத்தை எழுதி அனுப்புகிறோம். பொருள் வரி பூட்டப்படுவதில்லை. பெட்டியைத் திறக்கிற யாரும் அதைப் படிக்கலாம்." நான் வழக்கம்போலக் கிண்டலாகப் பதில் அடித்தேன்: "டீச்சர், முக்கியமான விஷயத்தைப் போய்ப் பொருள் வரியில் யார் எழுதுவார்கள்?"

அனுப்பு பொத்தான் மேல் வைத்த விரலை எடுக்க முடியவில்லை, அக்கா.

உன் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படித்தேன். எங்கே எழுதியிருந்தது என்று பார்க்கவே இல்லை. கட்டி என்ற வார்த்தைக்குப் பிறகு என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. அதோடு நின்றேனா? பதில் எழுதும்போது அதே வரியை இன்னொரு முறை உன் பெட்டிக்கு அனுப்பினேன். இந்த எச்சரிக்கை உதவிக் குறிப்பின் பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே அங்கே வைத்தேன். குறையை வெளியீட்டுக்கு முன் சரி செய்ய எனக்குச் சோம்பல். அதுதான் உண்மை.

யானையும் என் மாமியாரும் பத்திரமாகப் பூட்டியிருக்கிறார்கள். உன் கட்டியும் வியாழக்கிழமையும் வாசலில் நிற்கின்றன.

அத்தான் தினமும் ஆறு மணிக்கு வானிலைக் கடிதத்தை அதே பெட்டியில்தான் திறக்கிறார். நீ அனுப்பியது திங்கள். பாத்திரங்கள் இறங்கியது செவ்வாய். "எக்க வேணாம்" என்றாராமே.

அவருக்குத் தெரியும், அக்கா.

இந்த மாத வெளியீட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். 88ஐ முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். என்னைத் திட்டி எழுது. பொருள் வரியிலேயே திட்டு.

தம்பி


17 மார்ச், செவ்வாய்
பொருள்: ஒன்றுமில்லை

அடப் பாவி,

காலையில் உன்னைத் திட்டுவதற்காக நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். பத்தொன்பது வருடம் குழாயில் தண்ணீர் வராதவர்கள் போனில் சொல்லக் கேட்டுச் சேர்த்த வார்த்தைகள், ஒவ்வொன்றும் முத்து. ஒன்றும் உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. காரணம் கேள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஹாலில் அப்படியே நின்றேன். வாசல் கதவுக்குப் பின்னால் அத்தானின் கருவிப்பை மாட்டியிருந்தது. போன வருடம் அதன் நீலப் பட்டை அறுந்தபோது கையில் கிடைத்த மஞ்சள் நூலில் தைத்துக் கொடுத்தேன். "கண்ணைக் குத்துதே" என்றார். "குத்தட்டும், தொலையாது" என்றேன்.

வாலு, ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் பக்கத்தில், பலகைக்கு அடியில் இருந்த பையிலும் நீலப் பட்டை. மஞ்சள் தையல். அதைப் பார்த்தேன், லிஃப்ட்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் வைத்திருப்பார்கள் போல என்று நினைத்து உள்ளே ஏறினேன். எப்படிப்பட்ட மூளை எனக்கு!

குளிர்பெட்டிக் கதவில் அவருடைய வாரப் பணித்தாள் ஒட்டியிருக்கும். நான் அதைப் படித்ததே இல்லை. இன்றைக்குப் படித்தேன். வியாழன்: வங்கிக் கட்டிடம். அதை அடித்துவிட்டு அவர் கையெழுத்தில்: பெரிய ஆஸ்பத்திரி. யாரிடமோ கெஞ்சி முறை மாற்றியிருக்கிறார். கெஞ்சுவதற்கு எத்தனை வார்த்தை செலவழித்தாரோ.

கூட வர முடியாது. வந்தால் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிடும். பை மட்டும் கீழே இருந்தது என்றால் ஆள் மேலேதான்: அந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் அறைக்குப் போய், நான் ஏறி இறங்கும் வரை மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் போகிற பெட்டி நடுவில் நின்றுவிடக் கூடாது என்று.

நானோ அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

இன்னும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத மாதிரி இருப்பதற்கு அவர் படுகிற பாட்டைப் பார்த்தால், கெடுக்க மனசு வரவில்லை. இன்று காலை காபி டம்ளரை என் வலது பக்கம் வைத்துவிட்டு, "மழை வராதாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

இனி மிச்சம் இருபத்து நாலாம் தேதி. முன்பு எனக்காகப் பயந்தேன். இப்போது அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன் என்று பயம். நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லையே எங்களுக்கு.

அக்கா


20 மார்ச், வெள்ளி
பொருள்: ...

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே பார். மூன்று புள்ளிதான் பட்டியலில் தெரியும். சாவி உள்ளவர் திறந்தால்தான் உண்மையான வரி உள்ளே வரும். 88 முடிந்தது. கணக்கு டீச்சர் நாலு முறை உடைத்துப் பார்த்தார், உடையவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம்; உலகமே படிக்கிற பதிவு அது. நான் எழுதியது: "எண் 88. இனிப் பொருள் வரியும் பூட்டப்படும். காரணம்: என் அக்கா." டீச்சர் அதற்குக் கீழே, "நல்ல காரணம்" என்று எழுதி ஒப்புதல் கொடுத்தார். அவரிடமிருந்து முதல் பாராட்டு. அதுவும் உனக்கு.

எச்சரிக்கையைப் பதினோராம் பக்கத்திலிருந்து எடுத்து, பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

புதுப் பதிப்பை அனுப்பியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஏற்றிக்கொள். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைக்கச் சொன்னாயே. பதினொரு நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் அடுத்த ரயிலில் நான் வருகிறேன் என்பது மட்டும்தான் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லாதே.

உன்,
வால்


24 மார்ச், செவ்வாய்
பொருள்: முடிவு வந்துவிட்டது, கெட்ட கட்டி இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி, ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டினால் போதும், நீங்கள் மெஷின் அறையிலிருந்து இறங்கி வரலாம்

அன்புள்ள வாலுக்கு,

மேல் வரி உனக்கில்லை. நீயும் படித்துக்கொள்.

புதுப் பதிப்பை ஏற்றவில்லை. பழையதே இருக்கட்டும். உலகத்துக்கெல்லாம் பூட்டிக் கொடு, எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு வரி திறந்தே வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்த்தால், அவரிடம் சொல்வதற்கு உன் சோம்பேறித்தனத்தை விட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

கொழுப்பு என்று கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. ஐம்பது வருடமாக எல்லோரும் எனக்குச் சொன்னதை டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மணி ஐந்து ஐம்பது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இதை அனுப்பிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். சமையலறையில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழ்த்தட்டிலிருந்து ஏதாவது பாத்திரத்தை எடுத்துத் துலக்கிக்கொண்டிருப்பேன். ஏற்கெனவே துலக்கியதுதான்.

மேல் வரியை இரண்டு முறை படித்துச் சரிபார்த்துவிட்டேன்.

அனுப்புகிறேன்.

அக்கா


24 மார்ச், செவ்வாய்
பொருள்: பார்த்தேன் தம்பி, சமையலறைக்குப் போனேன், அழுகிறாள், இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், நானும் பேசினேன், ரயில் ஏறி வரவும், பாத்திரமெல்லாம் கீழேயே இருக்கும்

அத்தான்